பேர் கேட்காத பெட்டி

"மக்கள் வரிப்பணத்துல புது நூலகமா? தேவையே இல்லை!"

மேசையைத் தட்டிச் சொன்னவர் வக்கீல் உறுப்பினர். எனக்குப் பேனா கையிலேயே நின்றுவிட்டது.

நகராட்சி மன்றக் கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் எழுதி வைப்பது என் வேலை. டீ வருவதற்கு முன்னால், "நூலகம் இல்லாத ஊரும் ஒரு ஊரா?" என்று இதே மனுஷர் கேட்டதை முந்தின பக்கத்தில்தான் எழுதியிருந்தேன்.

நடுவில் அப்படி என்ன நடந்துவிட்டது? எல்லோரும் டீ குடித்தார்கள். நூலகர் அம்மா எழுந்து இரண்டு நிமிஷம் பேசினார். அவ்வளவுதான்.

அவர் பேசியதிலும் தப்பாக எதுவும் இல்லை.

"புதுக் கட்டடத்துக்குப் போறதுக்கு முன்னாடி புத்தகத்தையெல்லாம் ஒண்ணு விடாம சரிபார்ப்போம். எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தராதவங்க பேரை எல்லாம் பட்டியல் போட்டு வாசல்ல ஒட்டுவோம். மக்கள் சொத்து ஒண்ணுகூட வீணாகாதுங்க" என்றார். இதற்குக் கைதட்டலல்லவா விழுந்திருக்க வேண்டும்?

"முதல்ல சாக்கடையைச் சரி பண்ணுங்கய்யா. அப்புறமா படிக்கலாம்" என்றார் இன்னொரு உறுப்பினரான ஜவுளிக்கடைக்காரர்.

"இப்பல்லாம் யாரு படிக்கிறா? அதுவும் இல்லாம, ரொம்பப் படிச்சா கண்ணுக்கும் நல்லதில்லை" என்றார் கண் டாக்டர். இவர் போன வாரம் அடிக்கல்லில் தன் பெயர் வருமா என்று என்னிடமே விசாரித்தவர்.

"காலையில எல்லாரும் சரின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்ட தலைவி அம்மா, கொஞ்சம் இழுத்து, "எனக்கும் யோசிக்கணும் போலத்தான் இருக்கு" என்றார்.

புது நூலகத்துக்கு ஒதுக்கிய இடத்தை வண்டி நிறுத்தமாக்க ஒரு காண்ட்ராக்டர் ரொம்ப நாளாகவே அலைந்துகொண்டிருந்தான். இவர்களை எல்லாம் அவன்தான் டீ நேரத்தில் வளைத்துப் போட்டுவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். சே, இவர்களும் மனுஷர்களா!

நூலகர் அம்மாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்று வருஷமாக இந்தத் தீர்மானத்துக்காக நடையாய் நடந்தவர். மழை வந்தால் அலமாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தான் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய கட்டடம் இன்னொரு மழையைத் தாங்காது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தாயிற்று. இன்றைக்குத் தீர்மானம் தோற்றால் நாளைக்குப் பூட்டுதான். புத்தகமெல்லாம் மூட்டையாகக் கிடங்குக்குப் போய்விடும்.

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். வக்கீலைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அப்புறம் மெதுவாக எழுந்தார்.

"ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேங்க. போன மழையில நம்ம ரெஜிஸ்டர் ஊறிப்போயிடுச்சு. யார் கையில எந்தப் புத்தகம் இருக்குன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பட்டியல் போடவும் முடியாது."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாசல்ல ஒரு பெட்டி வெக்கிறேன். யாருகிட்டயாவது புத்தகம் இருந்தா, வந்து போட்டுட்டுப் போகட்டும். பேர் கேக்க மாட்டேன்."

"ஒரு எழுத்துகூடப் படிக்க முடியலையா?" என்றார் வக்கீல்.

"ஒரு எழுத்துகூட."

"அடடா!" என்றார் அவர். துக்கம் விசாரிக்கிற ஆள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதாவது, நான் என்ன சொல்ல வந்தேன்னா, அந்த இடிஞ்ச கட்டடத்துல நூலகம் தேவையில்லை. புதுசுதான் வேணும். சரியா எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். எனக்கென்ன?

அத்தனை கைகளும் உயர்ந்தன. ஜவுளிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தீர்மான நகலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். வாசல் பெட்டி நிரம்பி வழிந்தது. ஒரு புண்ணியவான் தன் கடைப் பையிலேயே புத்தகங்களைச் சுற்றிப் போட்டிருந்தார். பை மேல் ஜவுளிக்கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பாவம், அந்தக் காண்ட்ராக்டரை ஒரு வாரமாக வீணாகத் திட்டியிருக்கிறேன்.

உள்ளே நூலகர் அம்மா ஒரு ரெஜிஸ்டரை விரித்து வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். பழைய ரெஜிஸ்டர். ஒரு சொட்டு ஈரம் பட்ட அடையாளம்கூட அதில் இல்லை.

"என்னம்மா இது? நனைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க?"

"நனையலை சார்."

"மன்றத்துல நின்னு பொய் சொல்லியிருக்கீங்க! அதை நான் குறிப்புல வேற ஏத்திட்டேனே!"

"கோவிச்சுக்காதீங்க சார். எல்லாம் வந்துடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுவும் வந்துட்டா பழசையெல்லாம் மூடிடலாம்."

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. அதைவிட, தெரிந்துகொள்ளாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

"உறுப்பினருங்க பயந்ததுக்கு இந்தப் பாக்கிப் புத்தகம்தான் காரணம்னு எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. உங்களுக்கு எப்படிம்மா அந்த நிமிஷமே பிடிபட்டுது? வரும்போதே ரெஜிஸ்டரைப் பார்த்துட்டு வந்தீங்களா?"

"இல்லை சார். அவங்க முழிச்ச முழியைப் பார்த்தேன். அந்த முழி எனக்கு நல்லாப் பழக்கம்."

"அது சரி, அந்த ஒண்ணே ஒண்ணு யாருகிட்டம்மா மாட்டிக்கிட்டிருக்கு?"

அவர் கைப்பையைத் திறந்து, அட்டை நைந்துபோன ஒரு சின்னப் புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார். ஏழாவது படிக்கிறப்ப எடுத்தது, இதையும் பெட்டியில போட்டுட்டு வந்துடறேன்."