இருபத்தோராம் நாள்

இருபத்தோராம் நாள் காலையில் ஏழு மீன்களும் உயிரோடு இருந்தன.

"நல்லா எண்ணிப் பாத்துக்க. ஏழும் இருக்குது" என்றாள் ஜெயஸ்ரீ. பிளாஸ்டிக் டப்பின் பக்கத்தில் குந்தியிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எனக்கும் அலுத்துவிட்டது. கல்யாணமான மூன்று வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு அக்கறையாக எதையும் பார்த்துக்கொண்டதில்லை.

தப்பு என்னுடையதுதான். போன தடவை வாங்கிவந்த மீன்களை வந்த கையோடு ஹால் தொட்டியில் விட்டுத் தொலைத்தேன். நாலாம் நாள் எல்லாவற்றின் மேலும் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி. பதினோரு மீன் செத்தது. என் நைனா ஐந்து வருடமாக வளர்த்த கிழட்டுத் தங்கமீனும் அதில் ஒன்று.

நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு நைனாவுக்கு அந்தத் தொட்டிதான் எல்லாம். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மனுஷன் தாங்கமாட்டார் என்று எனக்குப் பயம்.

அதனால் இந்தத் தடவை சட்டம் போட்டது அவர்தான். புது மீன் இருபத்தோரு நாள் பின்னறையில் கிடக்க வேண்டும். வலை தனி, மக் தனி. அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஹால் தொட்டியில் கலக்கக் கூடாது.

பின்னறை என்பது கொல்லையில் முன்பு மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கிய அறை. இப்போது அதில் நாங்கள் குடியிருக்கிறோம்.

மே மாதம். ஊருக்குப் பக்கத்துக் கோட்டைமலைப் பாறைகளோடு சேர்ந்து எங்கள் தகரக் கூரையும் காய்ந்தது. டப்பைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினாள் ஜெயஸ்ரீ. தினமும் பாதித் தண்ணீரை மாற்றிக் கல்லுப்புப் போட்டாள். கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். வரும்வரை மக்கால் மொண்டு மொண்டு ஊற்றுவாள். ஒருநாள் மூன்று மணி நேரம் ஊற்றினாள்.

"இதுங்க பொழைச்சா மாமா மனசு எறங்கும்" என்று அடிக்கடி சொல்வாள். 

அன்று காலை மீன்களை நல்ல தண்ணீருக்கு மாற்றி, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹாலிலிருந்து நைனா குரல் கொடுத்தார்.

"நோவு ஒண்ணும் இல்லியே? அப்ப உள்ள கொண்டாந்து உடு."

ஜெயஸ்ரீ கொல்லைப்புறப் படியருகே நின்றுவிட்டாள். நான் பக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் படியை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் காலனிப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, கொஞ்ச நாளைக்குப் பின்னாலேயே இருக்கட்டும் என்றார் நைனா. எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க நினைத்த நாட்களில் எல்லாம் களைப்பாக இருந்தது.

ஒவ்வொரு மீனாகக் கையில் ஏந்தித் தொட்டியில் விட்டேன். ஏழும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சமிருந்த பழைய இரண்டோடு போய்ச் சேர்ந்துகொண்டன.

நைனா சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகிறது.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான்டா பாத்துக்குனு இருக்குது. கூப்புடு, அதுவும் வந்து பாக்கட்டும்."

 திரும்பிப் பார்த்தேன். ஜெயஸ்ரீயின் காதிலும் விழுந்திருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நைனா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். வெளியே சந்தில் நின்றால் தொட்டி தெரியும்படி, எதிரே இருந்த ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து வைத்தார்.