வழித்துணை

பனிச்சிகரத்தின் அடிவார முகாமுக்கு ஒருநாள் நடையே எஞ்சியிருந்தது. மலைவழித் தேநீர் விடுதியில், தலைவலியால் அடுப்பருகே சுருண்டு உறங்கிய மாசிலாமணியைக் காட்டி, அவருடைய நண்பர் அம்பலவாணனிடம், "ராத்திரி உளறினாரா, சார்? உளறியிருந்தா உயரம் மூளையைத் தாக்கிடுச்சுன்னு அர்த்தம், இப்பவே கீழே இறக்கிடணும். இல்லேன்னா ஓய்வெடுத்துட்டு நாளைக்கு ஏறலாம்" என்றான் வழிகாட்டி மிங்மா.

நண்பர் இரவெல்லாம் தெளிவாகவே இருந்தார். அச்சிகரத்தைக் கண்ணாரக் காண்பதையே பிறவிப்பயனாக எண்ணி வந்தவர் அவர். மூச்சுத் திணறி, மேலே போனால் மாண்டுபோவோம் என்று நடுங்கிக் கிடந்தவர் அம்பலவாணன். அதை எவரிடமும் சொல்லக் கூசினார்.

"உளறினார். நீ மத்தவங்களைக் கூட்டிட்டு மேலே போப்பா. நான் இவருக்குத் துணையா இறங்கறேன்" என்றார்.

இறக்கத்தின் முதல் வளைவில் மாசிலாமணி நின்றார். "நெசமாவே உளறினேனாப்பா? வீட்டுக்காரியைத் திட்டினேனா?"

"பதிகம் பாடினே."

மாசிலாமணியின் கண்கள் நிறைந்தன. "புத்தி தடுமாறியும் ஈசனை மறக்கலை பாரு. எனக்காக நீயும் பார்க்காம திரும்புறியே, என்னை மன்னிச்சிடு" என்று தழுதழுத்தவர், குனிந்து நண்பரின் காலைத் தொட்டார்.

பனி படிந்த காலணிகளின்மேல் அவ்விரல்கள் நெடுநேரம் இருந்தன. தூக்கிவிட நீண்ட அம்பலவாணனின் கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.