யாரும் எடுக்காத புத்தகம்

“அந்த ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். மத்தத நான் பாத்துக்கறேன்.”

நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, காலடியில் சக்கரம் உடைந்த பெட்டி. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பரீட்சை முடிந்த கையோடு, சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே ரயில் ஏறி வந்தவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நூலகத்தில் நின்று வம்பு வளர்க்கிறாள்.

“அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. நீ என்ன எடுக்கறேன்னு நான் ஊருக்கெல்லாம் சொன்னா உனக்குப் பிடிக்குமா?”

“நான்தான் அத எடுக்கறதே இல்லையே.”

அது உண்மைதான். அந்தக் கப்பல் சமையல்காரன் கதையை அவள் முதலில் படித்தது எட்டாம் வகுப்பு விடுமுறையில், கை முறிந்து வீட்டில் கிடந்தபோது. அதற்குப் பிறகு எந்த விடுமுறை வந்தாலும் முதல் வேலை அதைத் திரும்பப் படிப்பதுதான். அரைத்த மாவையே அரைக்கிறாள் என்று தோழிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். பழகிய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எதிலும் இடித்துக்கொள்ள மாட்டோம் இல்லையா, அந்தச் சுகம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆனால் இரண்டு வருடமாக அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். காரணம் இருந்தது. புத்தகம் இப்போது அச்சில் இல்லை. பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. அப்போதுதான் இந்த நூலகத்தின் விதி ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரு வருடம் முழுக்க யாரும் எடுத்துப் போகாத புத்தகத்தைக் கழித்துவிடுவார்கள். கேட்கிறவருக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து கொக்கு மாதிரிக் காத்திருந்தாள். போன வருடம் பதினோரு மாதம் யாரும் சீந்தவில்லை. பன்னிரண்டாம் மாதம் எவனோ எடுத்துப் போனான். தெரியாமல் செய்திருப்பான், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

“இன்னியோட மறுபடி ஒரு வருஷம் முடியுது சார். எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போலாம்னு ஓடி வந்தேன். பாத்தா அலமாரியில பல்லு விழுந்த மாதிரி அந்த இடம் மட்டும் காலியா இருக்கு.”

“மூணு நாள் முன்னாடி எடுத்துட்டுப் போனாரு.”

“போன வருஷம் எடுத்த அதே ஆளா?”

நூலகர் மேசை மீதிருந்த சீட்டுகளை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கி வைத்த சீட்டுகள்தான்.

“அப்ப அதே ஆளுதான். யாரு சார் அது, வாத்தியாரா? பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கோடு போடற ரகமா?”

“நல்ல மனுஷன்மா.”

“நல்ல மனுஷன் வேற புத்தகம் எடுக்கட்டுமே. இங்க என்ன பஞ்சமா?”

“உனக்கு இவ்வளவு ஆசைன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பலிக்காதுன்னு யார்கிட்டயும் சொல்லல.”

சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. நூலகருக்குப் பாவமாகப் போயிற்று.

“இன்னிக்கு சாயந்தரம் திருப்பித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. இருந்து நேர்லயே கேட்டுக்க. நான் எதுவும் சொல்லல, என்ன?”

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். முதலில் மரியாதையாகக் கேட்பது. மசியாவிட்டால் கெஞ்சுவது. அதற்கும் மசியாவிட்டால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது. கோபத்துக்கு அடியில் இருந்தது என்னவோ பயம்தான். அடுத்த வருடத்தோடு படிப்பு முடிகிறது. பிறகு எந்த ஊரில் வேலையோ, எப்போது விடுமுறையோ. அந்த ஒரு புத்தகம் கூட வந்தால் எந்த ஊரிலும் தைரியமாக இருந்துவிடலாம் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. புத்தக வரிசையின் இடுக்கு வழியாக, மேசை மீது ஒரு பொட்டலத்தை வைக்கும் கைதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்துகொண்டாள்.

“அட்டை அழுக்காயிடும்னு பேப்பர் சுத்தி வச்சிருந்தேன் சார். நம்ம கை எப்பவும் கிரீஸ் கை.”

“படிச்சு முடிச்சிட்டீங்களா?” நூலகர் வேண்டுமென்றே உரக்கக் கேட்டார்.

“அட நீங்க வேற. நமக்கும் புத்தகத்துக்கும் ஏணி வச்சாலும் எட்டாது.”

“அப்புறம் எதுக்கு வருஷம் தவறாம வந்து எடுக்கறீங்க?”

அவள் கேட்க நினைத்த நறுக்கென்ற கேள்வியும் அதுதான். ஆனால் அவள் அசையாமல் நின்றாள்.

“ஒரு வருஷம் யாரும் தொடலன்னா கழிச்சுடுவீங்களாமே. என் பொண்ணு போன்ல பேச்சுவாக்குல சொன்னா. லீவுக்கு வந்து பாக்கறப்ப இது இங்க இல்லன்னா அவ மொகம் வாடிப்போயிடும் சார். அதான், யாரும் எடுக்கலன்னா நானாவது எடுப்போம்னு... நாளைக்கு அவ வர்றா, அதுக்குள்ள இருந்த எடத்துல வச்சிடுங்க.”

அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தவள் அந்தக் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அடுத்த வருஷம் மட்டும் இத எடுக்காதீங்க, அப்பா.”