வீட்டுக்கு ஒரு கை

"கையை எறக்குங்க சார். வீடு உங்க அம்மா பேர்ல இருக்கு," என்றார் செகரட்டரி.

பாங்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே கையை இறக்கினார்.

போச்சுடா, ஒரு ஓட்டு போச்சு! பின் வரிசையில் இருந்த அவள் மனசுக்குள் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொண்டாள்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்ற விதியை எடுத்துவிடலாமா, வேண்டாமா என்று கை தூக்குகிறார்கள். வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கைதான் கணக்கு. அந்த விதியை எழுதியதும் சாட்சாத் செகரட்டரிதான். விதி எழுத உட்கார்ந்துவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் வெயில்.

மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பேத்தி மகாராணிக்கு நனைப்பது ஒன்றே உத்தியோகம். பாத்ரூம் கம்பி, நாற்காலி முதுகு, ஃப்ரிட்ஜ் கதவு என்று வீடெல்லாம் ஈரத்துணி. காயாத துணியைக் கட்டிக் கட்டிப் பிள்ளைக்குத் தொடையெல்லாம் சிவந்துவிட்டது.

பால்கனியில் ஒரு துணி தலைகாட்டினால் போதும், கீழே வாட்ச்மேன் விசிலை ஊதிவிடுவார். செகரட்டரி உத்தரவு.

செகரட்டரியிடம் கெஞ்சியும் பார்த்தாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்த ஆத்திரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் திரட்டினாள். ஆனால் கூட்டத்துக்கு வந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே பழக்கம். இன்றைக்கும் அவள் கை மடியிலேயே கிடந்தது.

சங்கத் தலைவரான பல் டாக்டர் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். அட, இரண்டு பக்கமும் சரிசமம்!

பாக்கி இருப்பது செகரட்டரி வீட்டு ஓட்டு மட்டும்.

செகரட்டரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விதி இருக்கட்டும் என்று ஜம்மென்று கையைத் தூக்கினார்.

அவளுக்கு அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இவளுக்கு என்ன ஆச்சு என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவள் எழுந்து நின்றாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"டாக்டர், சாரைக் கையை எறக்கச் சொல்லுங்க. எங்க வீடு என் பேர்ல இருக்கு."

செகரட்டரி முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் கை எப்போது இறங்கியது, அவள் கை எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை, கீழே விசில் ஒன்று பழக்கதோஷத்தில் கிளம்பிப் பாதியிலேயே அடங்கியது.

பால்கனியில் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, இடைவெளி பிசகாமல் பேத்தியின் துணிகளை மாட்டிக்கொண்டிருந்தார் தாத்தா.