நடுவில் ஒரு ஆள் இடம்

“அவரை இன்னும் கொஞ்சம் நெருங்கி நிக்கச் சொல்லுங்கம்மா. நடுவுல ஒரு ஆள் தாராளமா நிக்கலாம் போல இருக்கு” என்றார் போட்டோகிராபர், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் பிரார்த்தனை மண்டபத்தின் பின்னறையில் இதே கதைதான். வழிபாடு முடிந்து, புதுத்துணி சலசலக்க ஒவ்வொரு குடும்பமாக வரும். நீலத் திரைக்கு முன்னால் நின்று கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லும், காமிராவுக்கு ஒரு சிரிப்பு சிரிக்கும், கிளம்பிவிடும்.

காலையிலிருந்து “சிரிங்க, சிரிங்க” என்று சொல்லிச் சொல்லிப் போட்டோகிராபருக்குத் தாடையே வலித்தது. ஊரையெல்லாம் சிரிக்க வைப்பவர் முகத்தில் ஈயாடவில்லை. மண்டபத்துக்குள் பாட்டும் கைதட்டலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எப்போது விளக்கை அணைப்போம், எப்போது போய்ப் படுப்போம் என்றிருந்தது அவருக்கு.

வரிசையில் இந்தக் குடும்பத்தைப் பார்த்ததுமே அவர் காமிராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். பெரியவர், அவர் மனைவி, மகள், மருமகன், மகள் இடுப்பில் ஒரு குழந்தை. வரிசையில் நின்றபோது காமிராவைக் காட்டி மருமகனிடம் ஏதோ குசுகுசுவென்று விசாரித்த பெரியவர், திரைக்கு முன்னால் வந்த பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். போதாக்குறைக்குத் தனக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுவிட்டு முறைப்பாக நின்றார்.

“என்னங்க, நெருங்கி நிக்கணுமாம்” என்றாள் மனைவி.

பெரியவர் அசையவில்லை.

“வலது காதுல சொல்லுங்கம்மா. இடது கேக்காது” என்றார் போட்டோகிராபர்.

அந்த அம்மா சுற்றிக்கொண்டு போய் வலது காதில் சொன்னாள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் இப்படித்தான் நிப்பேன். இஷ்டமிருந்தா எடுக்கச் சொல்லு” என்றார் பெரியவர், விட்டத்தைப் பார்த்து.

“இப்படி எடுத்தா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும், பரவாயில்லையான்னு கேளுங்கம்மா.”

“இருக்கட்டும்னு சொல்லு.”

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணா, சட்டுனு எடுங்கண்ணா. இவ அழ ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த மாட்டா.”

“செல்லம், மாமாவைப் பாரு, மாமாவைப் பாரு” என்று மருமகன் குழந்தைக்கு வேடிக்கை காட்டினான். குழந்தை மாமாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

அந்த அம்மா போட்டோகிராபரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முகமே வாடிக் கிடக்கு. காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியாப்பா?”

“அதெல்லாம் ஆச்சும்மா” என்றார் அவர். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்ததாகப் படம் எடுத்துக்கொள்ளக் காத்திருந்த ஒருத்தி, பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தாள். “அந்த இடம் யாருக்கும்மா? இன்னும் யாராவது வரணுமா?”

“எங்க மூத்தவனுக்கா இருக்கும். இவரு வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?”

“வெளியூர்ல இருக்காரா?”

“இதே ஊருதான். கடையைப் பார்த்துக்கடான்னாரு இவரு. எனக்குப் புடிச்ச வேலையத்தான் செய்வேன்னான் அவன். அப்படின்னா என் வாசப்படி மிதிக்காதேன்னாரு. அவனும் மிதிக்கல, நாலு வருஷமாச்சு. ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை. நடுவுல நான்தான் மத்தளம், ரெண்டு பக்கமும் இடி.” அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வருஷா வருஷம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஒருத்தர் குறையாம முழுசா ஒரு குடும்பப் படம். அதைப் பார்த்துட்டா போதும்.”

“கடவுள் இருக்காரு. நம்பிக்கையோட இருங்கம்மா.”

“நம்பிக்கை இல்லாமயா இவரை இங்க இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்?”

போட்டோகிராபர் இதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினார். விளக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு காமிராவுக்குத் திரும்பி வந்தார்.

“அம்மா, வரிசை நீண்டுக்கிட்டே போகுது. வராத ஆளுக்கு இடம் விட்டா நான் எப்படி எடுக்கறது? நகர்றாரா இல்லையான்னு கடைசியா ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. எனக்கு முடியல.”

நிஜமாகவே முடியாதவர் போலத்தான் இருந்தார். காமிராவின் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, அதுதான் தன்னைத் தாங்குகிறது என்பதுபோல் நின்றார்.

அந்த அம்மா மறுபடியும் வலது காதை நோக்கி நகர்ந்தாள். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நீ சும்மா இரு. நானே சொல்லிக்கிறேன்.”

அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாகக் காமிராவை நேராகப் பார்த்தார். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு தடவை போதவில்லை, இரண்டாம் தடவையும் செருமினார்.

“டைமர்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுட்டு வந்து அப்பா பக்கத்துல நில்லுடா.”