ஒரு படம், இரண்டு கார்டு

கேமரா வாங்க வந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கடைக்கார லாயிட்டைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

கடை பெங்களூரு கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வந்த இருவரில் அவன் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்திருந்தான், அவள் வைட்ஃபீல்டிலிருந்து. வழியெல்லாம் கடைகள் கிடக்க, இரண்டு வீட்டுக்கும் சமதூரம் என்று மேப்பில் அளந்து இந்தக் கடையைப் பிடித்திருந்தார்கள். அதை அவள்தான் சொன்னாள், பெருமையாக வேறு.

பெயர் கேட்டபோது தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஏ. தினேஷ். ஏ. ரூபினி. இனிஷியலும் மூக்கும் ஒன்றாக இருந்ததால் அண்ணன் தங்கை என்று லாயிட் கண்டுபிடித்தான். இல்லையென்றால் விவாகரத்துக் கேஸ் என்றே நினைத்திருப்பான்.

கூட வந்த பெரியவர் வாசல் பக்க நாற்காலியில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

லாயிட் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தான்.

முதலாவதன் ஜூம் நிலாவையே இழுத்துக்கொண்டு வரும். தினேஷ் அதைத் தொடக்கூட இல்லை.

"தூரத்துல இருக்கிறதெல்லாம் வேணாம். ஒரு சாண் கிட்டப் போய் எடுத்தா கோடு கோடாத் தெரியணும்."

இரண்டாவது சட்டைப்பையில் அடங்கும். கிட்டப்போய் எடுக்கும், படத்தின் மூலையில் தேதியும் போடும். தேதி என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலை முட்டிவிடும்போல் இருக்கவே, ஒரே நேரத்தில் சட்டென்று விலகினார்கள்.

தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டாள் ரூபினி. லாயிட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செட்டிங்கில் போய் மாற்றலாம் என்று சொல்லித் தொலைத்தான்.

"அப்ப இவரு மாத்துவாரு."

"போன மாசம் யாரு மாத்துனது?" என்று தினேஷ் சுவரிலிருந்த விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டான்.

வார்த்தை தடித்துத் தடித்து, கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மாதத்துக்கு ஒருவர் என்று முறை. ஒன்றாம் தேதி கைமாறும். இன்றைக்கும் ஒன்றாம் தேதிதான். ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் புதிதாக ஒரு கீறலோ அடிபட்ட தடமோ இருக்கும். உன் வீட்டில்தான் பட்டது என்பான் அண்ணன். வரும்போதே இருந்தது என்பாள் தங்கை. போனில் எடுத்துப் பார்த்தார்கள். போன் எல்லாவற்றையும் வழவழவென்று மெழுகிவிடுகிறது. போதாததற்கு அவன் எடுத்த படத்தை அவள் நம்புவதில்லை, அவள் எடுத்ததை அவன் நம்புவதில்லை.

கார்தான், சந்தேகமில்லை என்று லாயிட் முடிவு கட்டினான். அவனுடைய சித்தப்பா மகன் ஆனேக்கலில் கார் வாடகைக்கு விடுகிறவன். சாவி கொடுப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்துவைப்பான், திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பான். இவர்கள் ஒரே காரை மாதம் மாற்றி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்ட காரை நினைத்தால் பாவமாக இருந்தது.

"வெயில்ல நிறுத்தி எடுங்க சார். ஒரு கீறல் தப்பாது."

"வெயில்ல ரொம்ப நேரம் நிறுத்த முடியாது," என்றான் தினேஷ்.

பழைய இன்ஜின் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் லாயிட்.

மூன்றாவது கேமராவின் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு கார்டு போடலாம். ஒரு படம் எடுத்தால் அதே நொடியில் இரண்டிலும் பதியும். ஆளுக்கு ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அழித்தாலும் இன்னொருவரிடம் இருக்கும்.

கடைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

கேமரா யார் வீட்டில் இருக்கும் என்று அண்ணன் இழுத்தான். "கூடவே போகட்டும், பையில," என்றாள் தங்கை. பிறகு லாயிட்டிடம் திரும்பி, நீலம் நீலமாகவே வருமா, போனில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிகிறது என்றாள்.

நீலக் கார். லாயிட் மனசுக்குள் சிரித்துக்கொண்டு இரண்டு கார்டுகளைச் செருகினான். இந்த இரண்டு முகங்களையும் எடுத்துக் காட்டினால் வியாபாரம் அதோடு படுத்துவிடும். வாசல் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், ஒரே ஒரு போட்டோ. கொஞ்சம் சிரிங்க."

போட்டோ என்றதும் பெரியவர் எழுந்தார். பையை நாற்காலியில் வைத்தார். யாரும் சொல்லாமலே இடது கைப் பட்டனைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, டியூப்லைட்டுக்கு நேராகக் கையைத் திருப்பி நீட்டினார். முழங்கைக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு, நீலமும் பச்சையுமாக ஒரு தடம் இருந்தது.

முகம் இதற்குத் தேவைப்படாது என்று தெரிந்தவராக, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீட்டிய கை மெல்ல இறங்கியது.

"ஆடாம நில்லுப்பா," என்றான் தினேஷ்.

கேமரா பட்டனில் இருந்த லாயிட்டின் விரல் தானாகவே அமுக்கிவிட்டது.

அண்ணனும் தங்கையும் திரையின் மேல் குனிந்தார்கள். இந்தத் தடவை தலை முட்டியதை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை.

"கலர் கரெக்டா வருது," என்றான் அவன்.

"ம். வருது," என்றாள் அவள்.

அவர்களுடைய அப்பா வலது கைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.