பொறுப்பும் பொருப்பும்

லிஃப்ட்டுகளைப் பேச வைக்கும் எஸ்.டி.கே. என்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றைப் பொதி கட்டி, கம்பெனியின் உள் மென்பொருள் களஞ்சியத்தில் சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும். கோவை அலுவலகத்தில் அந்த வேலை யமுனாவின் தலையில் விழுந்தது. பொதி கட்டுவது சுலபம். ஆனால் களஞ்சியத்தின் காவல் இயந்திரம், ஏற்றும் மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தை நிஜமாகவே படித்தவர்களைத்தான் உள்ளே விடும். கண் ஓடுவதைக் கவனிக்கும், நடுநடுவே கேள்வியும் கேட்கும்.

நூற்றுச் சொச்சம் பக்கங்களை யமுனா மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் படித்தாள். கடைசிப் பக்கத்தில், "இதுவரை வந்தவர் தயவுசெய்து என்னை அழைக்கவும்" என்று ஒரு வரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

"அழைத்தீர்களா?" என்று கேட்டது காவல் இயந்திரம்.

அழைத்தாள். எஸ்.டி.கே.யையும் அதன் ஒப்பந்தத்தையும் எழுதிய துரைப்பாண்டியே எடுத்தார்.

"நெசமாவே படிச்சீங்களாம்மா? எங்க வீட்டுல கூட யாரும் படிச்சதில்ல!"

"முழுசாப் படிச்சேனுங்க சார், நல்லா எழுதியிருக்கீங்க." வெறும் புகழ்ச்சியை அவர் நம்பமாட்டார் என்று தோன்றியதால், "ஒரு இடத்துல மட்டும் 'எந்தப் பொருப்பையும் ஏற்க மாட்டோம்'னு இருக்குங்க. சின்ன 'ரு' போட்டா மலைன்னு அர்த்தமாயிடுமுங்க. மலையை ஏத்துக்கச் சொல்லி யாருங்க கேட்டா?" என்றாள்.

"அய்யய்யோ! இந்தா, இப்பவே திருத்திடுறேன்!"

ஒரு மனிதரைச் சந்தோஷப்படுத்திய நிறைவோடு யமுனா ஏற்றும் பொத்தானை அழுத்தினாள்.

"புதிய பதிப்பு வந்திருக்கிறது, உரிமம் மாறியிருக்கிறது," என்றது காவல் இயந்திரம். "முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாமா?"